ஐந்தெழுத்துத் தாளும் ஒன்பதாம் எண் டோக்கனும்

லாலாகுடா ரயில்வே பணிமனையில் சக்கரப் பிரிவுக்கான டூல் ரூமை உலகநாதன் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பார்த்து வந்தார். அறையின் ஒரு சுவர் முழுக்க மரப்பலகை. பலகையில் ஒவ்வொரு கருவியின் உருவமும் மஞ்சள் பெயின்டில் வரைந்திருக்கும். ஒவ்வோர் உருவத்தின் தலைக்கு மேலும் ஓர் ஆணி. ஸ்பேனர் வேண்டுமென்று ஜன்னலுக்கு வருகிறவர் தன் எண் பொறித்த பித்தளை டோக்கனை நீட்டுவார். ஸ்பேனர் அவர் கைக்குப் போகும், டோக்கன் ஆணிக்குப் போகும். வேலை முடிந்து ஸ்பேனர் திரும்பியதும் டோக்கன் உரியவரிடம் போய்விடும். ஆகவே பலகையைப் பார்த்தாலே எந்தப் பொருள் யாரிடம் இருக்கிறது என்று தெரியும். டோக்கன் தொங்கினால் பொருள் வந்துவிடும் என்று அர்த்தம். பொருளும் இல்லாமல் டோக்கனும் இல்லாமல் ஓர் ஆணி வெறுமனே நின்றால்தான் பயப்பட வேண்டும். உலகநாதனின் பலகையில் அப்படி ஓர் ஆணி ஒருநாளும் நின்றதில்லை.

பலகையின் கடைசி வரிசையில், திறந்த கதவு மறைக்கும் மூலையில், கருவிகளுக்குப் பதிலாகப் பதினான்கு அட்டைகள் தொங்கின. ஒவ்வோர் அட்டையிலும் ஒரு தாள் ஒட்டியிருந்தது. தாளின் உச்சியில் இரண்டு ஆங்கில எழுத்துகள். அதன் கீழே, அந்த இரண்டு எழுத்தும் வரும் ஐந்தெழுத்து ஆங்கிலச் சொற்கள், ஒன்றன்கீழ் ஒன்றாக, தமிழ்ப் பொருளோடு. சிலவற்றுக்குத் தெலுங்கிலும் பொருள் எழுதியிருக்கும்.

அவை வந்த காரணம் இதுதான். பணிமனை ஊழியர்கள் கிளார்க் ஆவதற்கு ஒரு துறைத் தேர்வு உண்டு. கணக்கையும் விதிமுறைகளையும் எப்படியாவது சமாளித்துவிடுவார்கள். ஆங்கிலத் தாளில் ஒரு கேள்வி வரும். இரண்டு எழுத்துகளைக் கொடுத்து, அவை இரண்டும் வரும் ஐந்தெழுத்துச் சொற்கள் பத்து எழுதி, ஒவ்வொன்றுக்கும் தெரிந்த மொழியில் பொருள் எழுதச் சொல்வார்கள். இருபது மதிப்பெண். உலகநாதன் இரண்டு முறை அந்தக் கேள்வியில்தான் சறுக்கினார். இரண்டாவது முறை சறுக்கிய பிறகு, தனக்குத் தெரிந்த ஒரே வழியில் சொற்களைச் சேர்க்கத் தொடங்கினார். கருவிகளைப் போல அவற்றையும் வகைப்படுத்தி ஆணியில் மாட்டினார். மற்றவர்களும் கேட்டபோது, கருவிகளைப் போலவே அவற்றையும் டோக்கனுக்குக் கொடுத்தார்.

ஸ்டெல்லா முதன்முதலில் அட்டை கேட்டு ஜன்னலுக்கு வந்தது ஒரு திங்கட்கிழமை. அவள் சக்கரப் பிரிவில் ஹெல்பர். கணவர் ஜெயசீலன் அங்கேதான் வெல்டராக இருந்தார். அவர் இறந்த பிறகு அந்த வேலைக்கு ஈடாகக் கிடைத்த வேலை இது. வயது நாற்பத்திரண்டு. அரக்கோணத்தில் பத்தாவது வரை தமிழில் படித்தவள்.

"அண்ணா, அந்த அட்டை எனக்கும் குடுப்பீங்களா?"

"டோக்கன் குடுத்தா யாருக்கும் குடுப்பேன். ஆனா ஒரு சட்டம் உண்டு," என்றார் உலகநாதன். திருநெல்வேலிப் பக்கத்து அப்பாவின் பேச்சு அவர் நாக்கில் இன்னும் இருந்தது. "சாயங்காலம் திருப்பித் தரும்போது, அதுல உள்ள அஞ்சு வார்த்தைய எங்க செலவழிச்சேன்னு சொல்லணும். சும்மா வச்சிருந்துட்டுக் கொண்டாந்தா மறுநாள் கிடையாது, சொல்லிட்டேன்."

மாலையில் அவள் திரும்பி வந்தாள்.

"ஏ-ஆர். சொல்லு பாப்போம்."

"கிரேன் வருது, தள்ளுங்கன்னு சொன்னேன். அது ஒண்ணு. பிரேக் ரெண்டு. அது இங்க நாள் பூரா சொல்றதுதான். குமரவேல் அண்ணாகிட்ட வாட்டர் கேட்டேன். மத்தியானம் ஸ்பேர் இட்லி இருக்குதுன்னு கூட வேலை செய்யற சுஷ்மாவுக்குக் குடுத்தேன்."

"நாலு ஆச்சு. அஞ்சாவது?"

"கிரேஸ். சாப்பிடறதுக்கு முன்ன சொன்னேன். யார்கிட்டன்னு கேக்காதீங்க."

பின்னால் வரிசையில் நின்ற குமரவேல் சிரித்தான். அவன் ஃபிட்டர். லாலாகுடாவிலேயே பிறந்தவன், தமிழ், தெலுங்கு, உருது மூன்றையும் ஒரே வாயில் பேசுகிறவன். "கைக்கு, எதுக்கு ஸ்டெல்லா? தமிழ்ல சொன்னா சாமிக்குப் புரியாதா?"

"அவருக்குப் புரியும்ணா. நான்தான் பழகிக்கணும்."

அன்று முதல் அவள் ஒரு நாளும் தவறவில்லை. காலையில் ஓர் அட்டை, மாலையில் ஐந்து வார்த்தை. குமரவேல் ஒரு நாள், "இதெல்லாம் போன்ல தட்டினா நூறு வருதே, அட்டை எதுக்கு?" என்று கேட்டான். "நூறு வருதுண்ணா, ஒண்ணும் நிக்க மாட்டேங்குது. இதுல பத்துதான் இருக்குது. பத்தும் கூடவே வீட்டுக்கு வருது," என்றாள்.

ஒவ்வோர் அட்டையிலும் பொருளுக்கு அடியில் பென்சிலால் ஒரு வரி சேர்ப்பது அவள் வழக்கமாயிற்று. 'ரஃப்' என்ற சொல்லுக்கு உலகநாதன் 'சொரசொரப்பு' என்று எழுதியிருந்தார். அவள் கீழே, 'என் உள்ளங்கை' என்று சேர்த்தாள். 'நர்ஸ்' என்பதற்கு, 'வலிக்கும்போது பேர் கேட்காமல் கை பிடிப்பவர்.' ஹெச்-எல் அட்டையில் 'லாஃப்' என்ற சொல்லுக்கு எதிரே, 'சிரிப்பு. குமரவேல் அண்ணா வாயைத் திறந்தால் வருவது' என்று எழுதியிருந்தாள். குமரவேல் அதை எலெக்ட்ரிகல் பிரிவுக்காரர்களைக் கூட்டிவந்து காட்டினான். "பாத்தியா, டிக்ஷனரில என் பேரு வந்திருக்கு."

அவளுக்குக் கிளார்க் வேலை ஏன் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன் வலது மணிக்கட்டு முறிந்து உள்ளே தகடு வைத்திருந்தார்கள். பிரேக் பிளாக் தூக்குகிற நாள்களில் கை வீங்கிவிடும். இப்படியே தூக்கிக்கொண்டிருந்தால் இந்தக் கையால் ஒரு டம்ளர்கூடத் தூக்க முடியாமல் போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் பங்குச் சுமையை குமரவேல் பேச்சோடு பேச்சாகத் தூக்கிவிடுவான். நன்றி சொல்ல இடம் கொடுக்க மாட்டான். "நக்கோ, நக்கோ, அதெல்லாம் வேணாம், உன் கூட வேலை செஞ்சா எனக்கு எக்சர்சைஸ்," என்பான். உலகம் இப்படிப்பட்டவர்களால்தான் ஓடுகிறது. ஆனாலும் ஒருவர் வாழ்நாள் முழுவதையும் இன்னொருவர் தோளில் ஏற்றிவைக்க ஸ்டெல்லாவுக்கு மனம் ஒப்பவில்லை.

ஆகஸ்ட் மாதக் கடைசியில் அறிவிப்பு வந்தது. காலியிடம் ஒன்றே ஒன்று. தேர்வு அக்டோபரில்.

ஸ்டெல்லாவும் விண்ணப்பித்தாள். உலகநாதனும் விண்ணப்பித்தார். ஐம்பது தாண்டினால் எழுத முடியாது. அவருக்கு நாற்பத்தொன்பது.

"அண்ணா, புத்தி கித்தி இருக்கா உனக்கு?" என்றான் குமரவேல், ஜன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு. "ஒரே சீட்டு. நீ பாட்டுக்கு தினமும் அட்டை எடுத்துக் குடுக்கறே. நீயே கத்திய தீட்டி அவ கைல குடுக்கறியா?"

"டூல் ரூம்காரன் வேலையே அதானடே," என்றார் உலகநாதன். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அன்றைக்கு அது உண்மையான சிரிப்புதான்.

செப்டம்பர் நடுவில், சாப்பாட்டு நேரத்தில் குமரவேல் ஒரு மாதிரித் தேர்வு வைத்தான். போனில் பத்து நிமிடம் வைத்துவிட்டு, "எஸ்-ஓ. ஒன், டூ, த்ரீ, ஸ்டார்ட்," என்றான். இருவரும் எழுதினார்கள். ஸ்டெல்லா வீங்கிய மணிக்கட்டில் ஈரத் துண்டைச் சுற்றிக்கொண்டு எழுதினாள். ஸ்டோன், ஹார்ஸ், ஸ்மோக், ஹவுஸ், ஸ்பூன் என்று ஆறாவது நிமிடத்தில் பத்தும் பொருளோடு முடிந்துவிட்டது. உலகநாதன் ஆறில் நின்றுவிட்டார். அத்தனையும் அவர் கையால் எங்கோ எழுதிய சொற்கள். பெட்டிக்குள் இருப்பது தெரிகிறது, பூட்டுதான் திறக்கவில்லை.

"ஹவ், ஆமா, இப்பவே முடிஞ்சுபோச்சு," என்றான் குமரவேல். சொன்ன பிறகு உலகநாதன் முகத்தைப் பார்த்தான். உடனே வேறு ஏதோ பேசத் தொடங்கினான்.

வீட்டில் அவர் மனைவி தங்கம் முகத்தைப் பார்த்தே கேட்டாள். "என்னங்க, ஒரு மாதிரியா இருக்கிய?"

"ஒண்ணுமில்ல."

"ஸ்கந்தகிரி முருகனுக்கு வேண்டியிருக்கேன். இந்தத் தடவ கெடச்சிரும். எங்க அண்ணன்மாரு மூணு பேரும் மேசை நாற்காலில உக்காந்து வேல பாக்கவங்க. விசேஷ வீட்டுல மாப்பிள்ள என்ன பாக்காருன்னு யாராவது கேட்டா, அண்ணி ரயில்வேல இருக்காருன்னு மட்டும் சொல்லி நிறுத்திருவா. அத ஒரு நாளாவது முழுசா சொல்லணும்."

அவள் குறையாகச் சொல்லவில்லை. ஆசையாகத்தான் சொன்னாள். அதனால்தான் அது அவருக்குள் ஆழமாகப் போயிற்று.

மறுநாள், இந்த முறை ஹெச்-எல் தான் வரப்போகிறது என்று ஒரு பேச்சு பிரிவெங்கும் சுற்றியது. யார் கிளப்பியது என்று தெரியாது. ஐந்து மணிக்குக் கதவைப் பூட்டும் நேரத்தில் உலகநாதன் கடைசி வரிசைக்குப் போனார். ஹெச்-எல் அட்டையை எடுத்தார். டிபன் பையில், காலி டப்பாவுக்கு அடியில் வைத்தார். வீட்டில் அலமாரியின் மேல்தட்டில் பழைய பேப்பர்களுக்கு இடையே செருகினார். இருபத்திரண்டு ஆண்டுகளில் ஒரு திருகாணியைக்கூட அவர் வெளியே கொண்டுபோனதில்லை. இது தன் கையால் எழுதிய தாள்தானே, தன் பொருள்தானே என்று மனத்துக்குச் சொல்லிக்கொண்டார். மனம் கேட்டுக்கொண்டது. கேட்டுக்கொண்ட மாதிரி இருந்தது.

காலையில் ஸ்டெல்லா வந்தாள். அவள் பார்வை கடைசி வரிசைக்குப் போயிற்று. ஜன்னலுக்குள் தலையை நீட்டினால் அந்த மூலை தெரியும்.

"ஹெச்-எல் வெளிய போயிருக்குது போல," என்றாள்.

அவர் பேரேட்டில் எதையோ தேடினார்.

"சரி, ஏ-எம் குடுங்கண்ணா. அது வரும்போது வரட்டும்." பிறகு தன் பைக்குள் கையை விட்டு ஓர் அட்டையை எடுத்தாள். புது அட்டை. காலண்டர் அட்டையை வெட்டிச் செய்தது. "முந்தாநேத்து எஸ்-ஓல நீங்க ஆறோட நின்னுட்டீங்களே. நம்மகிட்ட எஸ்-ஓ இல்ல. நான் எழுதின பத்தும் இதுல இருக்குது. பொருளும் போட்டிருக்கேன். ஒரு ஆணி அடிச்சு மாட்டிடுங்க. உங்களுக்கும் ஆகும்."

உலகநாதன் அதை வாங்கிக்கொண்டார். 'ஸ்பூன்: கரண்டி. அளந்து கொடுக்க அல்ல, எடுத்துக் கொடுக்க' என்று அதில் எழுதியிருந்தது. அதற்கு மேல் அவரால் படிக்க முடியவில்லை. ஏ-எம் அட்டையை அவளையே உள்ளே வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அந்த மூலைக்குப் போகாமல், ஜன்னலுக்கு அருகே மேல் வரிசை ஓரத்தில் புதிதாக ஓர் ஆணி அடித்து அதை மாட்டினார்.

அதன் பிறகு பன்னிரண்டு நாள்கள் அவர் கடைசி வரிசையை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. அந்தப் பக்கத்து அட்டை யாராவது கேட்டால், "நீயே உள்ள வந்து எடுத்துக்கோ, டோக்கன மாட்டிட்டுப் போ," என்றார். ஒரு நாள் குமரவேல் வந்து, "என் பேரு இருக்கற அட்டை எங்கண்ணா? சிக்னல்காரனுக்குக் காட்டணும்," என்றான்.

"வெளிய போயிருக்கு."

அது பொய்யில்லை. ஆனால் அதைச் சொன்ன நாக்கு அன்று முழுவதும் கசந்தது. அலமாரியின் மேல் இருந்த தாளை அவர் ஒரு முறைகூட எடுத்துப் படிக்கவில்லை. எடுக்கப் போவார், பிறகு குளிக்கப் போய்விடுவார். நெற்றியில் திருநீறு பூசும்போது கண்ணாடியில் தன் கண்ணைத் தவிர்த்து நெற்றியை மட்டும் பார்ப்பார்.

ஆயுத பூஜை வந்தது. பணிமனையில் அது விடுமுறைக்கு முந்தைய வேலைநாளில், மாலை நான்கு மணிக்கு நடக்கும். சக்கரப் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. மூன்று மணிக்குள் எல்லாக் கருவியும் டூல் ரூமுக்குத் திரும்பிவிட வேண்டும். பலகையில் ஒரு டோக்கனும் தொங்கக்கூடாது. எல்லா டோக்கனையும் ஒரு தாம்பாளத்தில் கொட்டி, கருவிகளுக்கு முன்னால் வைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, பூஜை முடிந்ததும் உரியவர்களுக்குத் திருப்பிக் கொடுப்பார்கள். ஆண்டுக்கு ஒரு நாளாவது எந்தப் பொருளும் யாரிடமும் இல்லாமல் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்க வேண்டும் என்று யாரோ ஒரு நல்ல மனிதர் எப்போதோ நினைத்திருக்கிறார்.

சாப்பாட்டு மணி அடிக்கும் நேரம். ஷெட்டில் சாமந்திச் சரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். உலகநாதன் தாம்பாளத்தோடு பலகை முன் நின்று, மேல் வரிசையிலிருந்து டோக்கன்களை எடுக்கத் தொடங்கினார். பாதிக் கருவிகள் வந்துவிட்டன. பதினேழு, முப்பத்தொன்று, இருபத்திரண்டு. எண்ணைச் சொல்லி எடுத்துத் தட்டில் போட்டுக்கொண்டே வந்தார். கடைசி வரிசைக்கு வந்தார். கதவை நகர்த்தினார்.

ஹெச்-எல் ஆணியில் ஒரு டோக்கன் தொங்கியது.

ஒன்பது. அவருடைய எண்.

சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். அவருக்கு ஆறு டோக்கன்கள் உண்டு. தனக்கென்று கருவி எடுக்க நேர்ந்தால் அவரும் மாட்டித்தான் எடுப்பார். பையில் ஐந்து இருந்தன. எப்போது மாட்டினார் என்று எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை. ஒரு கை அட்டையை எடுத்திருக்கிறது, இருபத்திரண்டு ஆண்டுப் பழக்கத்தில் மறு கை டோக்கனை மாட்டியிருக்கிறது. திருட்டுக்குப் போன மனிதரோடு அவருடைய நேர்மையும் கூடவே போய், அவருக்குத் தெரியாமலே கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருந்தது. இறைவன் சில நேரம் மனத்தைத் தடுப்பதில்லை. முன்கூட்டியே கையைப் பழக்கி வைத்துவிடுகிறான்.

அடுத்த கணம் அவருக்கு ஸ்டெல்லாவின் நினைவு வந்தது. 'வெளிய போயிருக்குது போல' என்றாள். அவள் வெறும் ஆணியைப் பார்த்துச் சொன்னதாக இத்தனை நாளும் நினைத்திருந்தார். அவள் பார்த்தது ஒன்பதாம் எண்ணை. பார்த்த பிறகுதான் பைக்குள் கையை விட்டு எஸ்-ஓ அட்டையை எடுத்துத் தந்திருக்கிறாள்.

டோக்கனை எடுத்துப் பையில் போட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் ஆணி வெறுமனே நிற்கும். வெறும் ஆணியோடு ஆயுத பூஜை. அதை நினைக்கவே அவருக்கு உடல் கூசியது. டோக்கனை அப்படியே விட்டுவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்தார். குவார்ட்டர்ஸ் பத்து நிமிடத் தொலைவு.

தங்கம் சுண்டலுக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். அவர் நேராக அலமாரிக்குப் போய்ப் பழைய பேப்பர்களை இழுப்பதைப் பார்த்துக் கரண்டியோடு வந்தாள்.

"சாப்பிடாம என்னத்தத் தேடுதிய?"

அவர் அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். மாதிரித் தேர்வு, பரவிய பேச்சு, டிபன் பை, எஸ்-ஓ அட்டை, ஒன்பதாம் எண். எதையும் மறைக்கவில்லை.

தங்கம் கரண்டியைக் கீழே வைத்தாள். அட்டையை வாங்கிப் பார்த்தாள். அவளுக்கு ஆங்கிலம் படிக்க வராது. பென்சிலில் எழுதிய தமிழை மட்டும் படித்தாள். 'சைல்டு: குழந்தை. எனக்கு இல்லை. சர்ச் ஸ்கூலில் முப்பது பேர்' என்று ஓரிடத்தில் இருந்தது.

"நான் சொன்னதாலயா எடுத்திய?" என்று கேட்டாள்.

"நீ என்ன செய்வ. எடுத்தது என் கை."

"மேசை நாற்காலி நான் கேட்டது உங்களுக்காவத்தான். அத வச்சு உங்களுக்கே தலை குனியும்னா எனக்கு எதுக்கு அது?" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நில்லுங்க. வெறுங்கையோட போகாதிய." ஒரு தூக்கில் சுண்டலைப் போட்டு மூடினாள். "அந்தப் பிள்ளைக்குக் குடுங்க. தேங்காய் நெறையப் போட்டிருக்கேன்."

அவர் திரும்பியபோது ஸ்டெல்லா ஷெட்டில், பெரிய லேத் இயந்திரத்தின் மேல் இடது கையால் சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் சிலுவை, விரலில் சந்தனம். லேத் எல்லோருக்கும் சோறு போடுகிறது, யார் பொட்டு வைத்தால் என்ன என்று அவள் முதல் ஆண்டே சொல்லிவிட்டாள்.

உலகநாதன் அட்டையை நீட்டினார். "ஸ்டெல்லா, இது... இத எடுத்தது..."

"தெரியும்ணா. ஒம்பது உங்க நம்பர்தானே."

"தெரிஞ்சும் நீ ஒரு வார்த்தை கேக்கலயேம்மா."

"என்னாத்துக்குக் கேக்கணும்? டோக்கன் தொங்கிட்டு இருந்துச்சு. டோக்கன் தொங்கினா பொருள் வந்துடும்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க." அவள் விரலைத் துண்டில் துடைத்துக்கொண்டு அட்டையை வாங்கினாள். "நல்லா படிச்சீங்களா?"

"ஒரு வரி படிக்கல."

"அட போங்கண்ணா." அவள் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "பன்னெண்டு நாள் வீணாப்போச்சே. வாங்க, பூஜைக்கு இன்னும் நேரம் இருக்குது. நான் பொட்டு வைக்கறேன், நீங்க படிச்சுச் சொல்லுங்க. ரெண்டு பேருக்கும் ஆகும்."

அவர் படித்தார். வீல், லேத், ஷெல்ஃப், கிளாத், லைட், சைல்டு. ஒவ்வொன்றுக்கும் அவள் பொருள் சொன்னாள். குமரவேல் தூக்கைத் திறந்து சுண்டலைத் தின்றுகொண்டே, "லாஃப் வந்துச்சா, லாஃப் வந்துச்சா," என்று கேட்டபடி பின்னால் நடந்தான். நான்கு மணிக்கு ஹெச்-எல் அட்டை தன் ஆணிக்குப் போயிற்று. ஒன்பதாம் எண் மற்ற டோக்கன்களோடு தாம்பாளத்தில் கிடந்தது. பூசணிக்காய் உடைத்தபோது உலகநாதன் கண்ணை மூடியிருந்தார். என்ன வேண்டிக்கொண்டார் என்று அவர் யாருக்கும் சொன்னதில்லை.

அடுத்த வாரம் தேர்வு நடந்தது. ஹெச்-எல் வரவில்லை. எஸ்-ஓவும் வரவில்லை. வந்தது என்-ஜி. அந்த அட்டை பலகையில் இல்லவே இல்லை.

உலகநாதன் கேள்வித்தாளைப் பார்த்து ஒரு கணம் சிரித்துவிட்டார். யாருக்குமே உதவாத ஒன்றையா ஒளித்து வைத்தோம் என்று நினைத்தபோது மனம் இலேசாயிற்று. எட்டுச் சொற்கள் எழுதினார். ஆறைத் தாண்டியது அவருக்கு அதுவே முதல் முறை. ஸ்டெல்லா கண்ணை மூடிக்கொண்டு சக்கரப் பிரிவை ஒரு முனையிலிருந்து நடந்துபார்த்தாளாம். பிறகு அவளே சொன்னாள். வாசல் கதவில் ஹின்ஜ், சுவரோரம் அடுக்கிய ஆங்கிள், இயந்திரத்தில் கிரைண்ட். சுற்றி முடித்து வெளியே வந்து சர்ச்சுக்குள் போனாளாம். அங்கே ஆர்கன். பிறகு ரேஷன் கடையில் கிரெய்ன். இப்படியே பத்து. ஒரு மனுஷி தன் நாளை இவ்வளவு கவனமாக வாழ்ந்திருந்தால், தேர்வில் எந்த எழுத்து வந்தால்தான் என்ன என்று உலகநாதன் பிற்பாடு பலரிடம் சொல்லியிருக்கிறார்.

நவம்பரில் முடிவு வந்தது. ஸ்டெல்லா முதலிடம். உலகநாதன் மூன்று மதிப்பெண் வித்தியாசத்தில் இரண்டாமிடம்.

தங்கம் ஸ்கந்தகிரிக்குப் போய், நேர்ந்துகொண்டபடியே அர்ச்சனை செய்துவிட்டு வந்தாள். "கெடைக்கலயே, எதுக்கு?" என்று உலகநாதன் கேட்டார். "கெடைக்கலன்னு யாரு சொன்னா?" என்றாள். அந்த டிசம்பரில் ஒரு கல்யாண வீட்டில் யாரோ கேட்டபோது, அண்ணியை முந்திக்கொண்டு, "எங்க வீட்டுக்காரரு டூல் ரூம் பாக்காரு. அவரு குடுக்கலன்னா ஒரு ரயில் சக்கரம் சுத்தாது," என்று முழுவதுமாகச் சொன்னாள்.

ஒருவர் பிரிவை விட்டுப் போகும்போது தன் ஆறு டோக்கன்களையும் டூல் ரூமில் ஒப்படைக்க வேண்டும். எந்தக் கருவியும் அவரிடம் இல்லை என்று டூல் ரூம்காரர் கையெழுத்துப் போட்டால்தான் புது இடத்தில் சேர முடியும். ஸ்டெல்லா படிவத்தோடு ஜன்னலுக்கு வந்தாள். டோக்கன்களை ஒவ்வொன்றாக மரச்சட்டத்தில் வைத்தாள். ஆறிலும் நூற்று நான்கு. ஜெயசீலனின் எண் அது. கேட்டு வாங்கியிருந்தாள். கடைசி டோக்கனைச் சேலைத் தலைப்பால் துடைத்து வைத்தாள்.

உலகநாதன் கையெழுத்துப் போட்டார். பிறகு எழுந்து கடைசி வரிசைக்குப் போனார். ஹெச்-எல் அட்டையை எடுத்துக்கொண்டு வந்து அவளிடம் நீட்டினார்.

"ஐயோ, எங்கிட்ட இனிமே டோக்கன் இல்லயேண்ணா. வாங்கக் கூடாது."

"உன்னுது வேண்டாம்," என்றார். சட்டைப் பையிலிருந்து ஒன்பதாம் எண்ணை எடுத்து, அவள் பார்க்கும்படி அந்த ஆணியில் மாட்டினார். "ஆபீஸ்ல கொஞ்ச நாளைக்குத் தேவைப்படும். எப்ப முடியுதோ அப்பக் கொண்டா. அஞ்சு வார்த்தை கணக்கு சொல்லணும், அது மறந்துரக் கூடாது."

அவள் அட்டையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். தலையை ஆட்டிவிட்டு, ஆபீஸ் பக்கம் நடந்தாள்.

மறுநாள் குமரவேல் சிக்னல் பிரிவிலிருந்து யாரையோ கூட்டிக்கொண்டு வந்து உள்ளே எட்டிப் பார்த்தான். "மறுபடியும் என் அட்டை காணோம். யாரண்ணா எடுத்தது?"

உலகநாதன் பேரேட்டிலிருந்து தலை நிமிர்ந்தார். கதவை நன்றாக நகர்த்தி, அந்த மூலையை அவனுக்குக் காட்டினார்.

"நான்தாண்டே. நம்பரப் பாரு."